தம்பி, அந்த நாற்காலியில் உட்காராதே

அன்பிற்கும் பாசத்திற்கும் உரிய தம்பிக்கு,

உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீ, உன் மனைவி, உன் மருந்துக் கடை, ஓட்டுக் கேட்டுக் கேட்டுக் கட்டிப்போன உன் தொண்டை, எல்லாம் நலமாக இருக்க வேண்டும். சட்டப்பேரவைத் தேர்தலில் சுயேச்சையாக நின்று நீ ஜெயித்த செய்தி கேட்டு நானும் உன் அத்தானும் அடைந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. நான் தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். அவர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் அன்றைக்கு டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டார்.

நிற்க. நேற்று நீ போனில், "அக்கா, என்னைப் பேரவைத் தலைவரா உட்காரச் சொல்றாங்க, ரெண்டு பக்கமும் சம்மதமாம், திங்கக்கிழமை தேர்வு, அத்தான் உட்கார்ந்த அதே நாற்காலி" என்று குதித்தாயே, அப்போது நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன் என்று உனக்கு வருத்தம் இருக்கும். போனில் நான் ஒன்று சொன்னால் நீ குறுக்கே ஒன்பது சொல்வாய். கடிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. ஆகையால் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து படி. கடையில் உட்காரலாம், அந்த நாற்காலியில் உட்காராதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததில் உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ வேலைக்காகக் கடல் தாண்டிப் போயிருந்தாய், நானும் நல்ல சேதியை மட்டும் பொறுக்கி எழுதினேன். உன் அத்தான் காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டவர். விடிகிற நேரத்தில் ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று அவர் குரல் எடுத்தால், மூன்று தெரு தள்ளி நம் அப்பா வீட்டில் நான் எழுந்து அடுப்பு பற்றவைப்பேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்தக் குரல் எனக்கு அத்துப்படி. ஆளை முதன்முதலில் பார்த்தபோது, இத்தனூண்டு உடம்பிலிருந்தா அந்தச் சத்தம் வருகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பெண் சம்மதித்துவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார், நானும் மறுக்கவில்லை. நான் குரலுக்குத்தான் கழுத்தை நீட்டினேன், இதைச் சொல்ல எனக்கு இந்த வயதில் என்ன வெட்கம். அந்தக் குரலை வைத்துத்தான் அவர் தேர்தலில் நின்றார். இரண்டு பெரிய கட்சிகளும் ஒலிபெருக்கி கட்டி வந்தன, இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முக்குக்கு முக்கு போய் ஏறி நின்றார். கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று, சந்தைக்குக் கூரை. மழை பெய்தால் கீரை கூழாகும், வெங்காயம் முளைக்கும், தராசுத் தட்டில் தண்ணீர் நிற்கும். "நான் உள்ள போய் ஒரு சத்தம் போட்டா கூரை தானா வந்து நிக்கும்" என்றார். சனங்கள் நம்பி அனுப்பிவிட்டார்கள்.

நம் மாநிலம் எத்தனை சின்னது என்று உனக்குத் தெரியும். மேலவை ஒன்று, கீழவை ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளும் வசதியெல்லாம் பெரிய வீட்டுக்காரர்களுக்கு. நமக்கு ஒரே அவை, முப்பது நாற்காலி. அந்த முறை எண்ணிப் பார்த்தால் ஒரு கட்சிக்குப் பதினைந்து, இன்னொன்றுக்குப் பதினான்கு, நடுவில் ஒற்றை ஆளாக உன் அத்தான். இப்போது உனக்கும் அதே கணக்குதானே, அதனால்தான் உன்னைத் தேடி வருகிறார்கள், உன் முகத்தில் இருக்கும் களையைப் பார்த்து இல்லை. பேரவைத் தலைவராக உட்காருகிறவருக்கு ஓட்டு கிடையாது, இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றால்தான் அவர் ஓட்டு. ஆளுங்கட்சி தன் ஆளை உட்காரவைத்தால் பதினான்குக்குப் பதினான்கு ஆகிவிடும், அப்புறம் ஒவ்வொரு ஓட்டெடுப்புக்கும் உன் அத்தான் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எதிர்க்கட்சிக்கோ, இவரைக் கீழே விட்டுவைத்தால் ஒரு மந்திரி பதவியைக் காட்டி அந்தப் பக்கம் இழுத்துவிடுவார்களே என்று கவலை. மேலே ஏற்றிவிட்டால் யாருக்கும் இல்லை. ஆக, இரண்டு பேரும் பயந்துபோய்ச் சேர்ந்து கொடுத்த கௌரவம் அது.

முதலமைச்சரும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே காரில் நம் வீட்டுக்கு வந்தார்கள். ஆச்சரியப்படாதே, இருவரும் அடுத்தடுத்த தெரு, காலையில் ஒன்றாக நடந்துவிட்டு வந்து பதினோரு மணிக்குச் சபையில் ஒருவரை ஒருவர் கிழிப்பார்கள். நான் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலியில் கிடந்த வெட்டுத் துணிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே முதலமைச்சர் உட்கார்ந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு மாநிலத்துலயே உசந்த நாற்காலி தர்றோம்" என்றார். "அங்க உட்கார்ந்து அவர் என்ன பண்ணணும்?" என்று கேட்டேன். எதிர்க்கட்சித் தலைவர் கொஞ்சம் ஒளிவுமறைவில்லாத ஆள். "பேசாம இருக்கணும்" என்றார். நான் ஊசியைத் தவறவிட்டுவிட்டேன். உன் அத்தானைப் பார்த்தேன். மனுஷர் 'உசந்த நாற்காலி' என்ற இடத்திலேயே நின்றுவிட்டார், அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

உறுப்பினர்களில் வயதானவர் ஒருவரைத் தற்காலிகமாகத் தலைமையில் உட்காரவைத்து எல்லோரும் உறுதிமொழி எடுத்தார்கள். அப்புறம் இவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். முதலமைச்சர் ஒரு கை, எதிர்க்கட்சித் தலைவர் ஒரு கை பிடித்து நாற்காலி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதுதான் அங்கே வழக்கமாம். பார்வையாளர் மாடத்திலிருந்து எனக்கு என்னவோ கடன்காரனைப் பிடித்துக் கொண்டுபோவது போலத்தான் தெரிந்தது. அந்த நாற்காலியை எந்தப் பிரம்மாண்டமான ஆளுக்குச் செய்தார்களோ, உன் அத்தான் ஏறி உட்கார்ந்ததும் கால் இரண்டும் தொங்கிவிட்டது. எதிர்வரிசையில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் நானே சந்தையிலிருந்து அந்தத் தக்காளிப் பெட்டியைக் கொண்டுபோய், பச்சைத் துணியில் உறை தைத்துப் போட்டு, அவைக் காவலரிடம் கொடுத்து மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னேன். ஐந்து வருஷமும் மாண்புமிகு பேரவைத் தலைவர் கால் வைத்தது அதன் மேல்தான். துணி மட்டும் இரண்டு முறை மாற்றினேன்.

அங்கே எப்படி நடக்கும் என்று நீ இன்னும் பார்க்கவில்லை, சொல்கிறேன் கேள். ஆளுங்கட்சி வலதுபக்கம், எதிர்க்கட்சி இடதுபக்கம். பதினைந்து பேரில் முதலமைச்சர், மந்திரிகள், துணைத் தலைவர், கொறடா என்று ஆளுக்கொரு பதவி கொடுத்த பிறகு பின்வரிசையில் பதவியே இல்லாமல் மிஞ்சியவர் ஒரே ஒருவர். அவர் எப்போது கோபித்துக்கொண்டு எழுந்து போவாரோ என்று அத்தனை மந்திரிகளும் அவருக்குத்தான் முதலில் வணக்கம் சொல்வார்கள். நான்கூட அவரைத்தான் முதலமைச்சர் என்று நினைத்துக்கொண்டு மனு கொடுக்கப் பார்த்தேன். அரசாங்கச் செலவைச் சரிபார்க்க ஒரு குழு, மந்திரிகள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்களா என்று பார்க்க ஒரு குழு, மனுக்களுக்கு ஒரு குழு, உரிமை மீறலுக்கு ஒரு குழு. குழுக்கள் வேறு வேறே தவிர ஆட்கள் அதே ஆட்கள். ஒரு கூட்டம் முடிந்ததும் கதவில் தொங்கும் பலகையை மட்டும் திருப்பிப் போடுவார்கள், டீக்கோப்பை அப்படியே இருக்கும். சபை நடக்கக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பத்தைச் சேர்ப்பதற்குள் காவலருக்கு மூச்சு வாங்கிவிடும். ஒருநாள் ஒன்பதில் நின்றுவிட்டது. மணியை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பத்தாவது ஆள் கழிப்பறையில் இருக்கிறார். "வந்துட்டே இருக்கேன்" என்று அவர் உள்ளேயிருந்து கத்தியது மாடம் வரைக்கும் கேட்டது. மாநிலத்தின் நிர்வாகமே அவருக்காகக் காத்திருந்தது, தம்பி.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வந்தது எதற்குத் தெரியுமா? யார் யாரைத் திட்டினாலும் பேரவைத் தலைவரைப் பார்த்துத்தான் திட்ட வேண்டும். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, வெட்கம் மானம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறேன்" என்று ஒருவர் உன் அத்தானைப் பார்த்துக் கை நீட்டிக் கேட்கிறார். நான் மாடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் நின்ற காவலர், "உட்காருங்கம்மா, அது இவருக்கு இல்ல, எதிர்ல இருக்கிற மந்திரிக்கு" என்றார். "அப்போ மந்திரியைப் பார்த்துக் கேக்க வேண்டியதுதானே?" என்றேன். "நேரா கேட்டா சண்டை வந்துடும்மா, இவர் வழியாப் போனா விவாதம்" என்றார். ஐந்து வருஷம் ஊரார் திட்டையெல்லாம் முகத்தில் வாங்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார் தம்பி, என் வீட்டுக்காரர். ரெண்டு வார்த்தை அதிகம் பேசினதற்காக என் பெரிய மாமனாரை ஒரு வருஷம் வீட்டுப் பக்கமே விடாத மனுஷர் அவர்.

அவர் காதோரம் எப்போதும் சபைச் செயலாளர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் வைத்த பெயர் புத்தகம். இவர் லேசாக வாயைத் திறந்தால் போதும், புத்தகம் சாய்ந்து, "ஐயா, தலைவர் கருத்துச் சொல்றது மரபு இல்லீங்க" என்று கிசுகிசுக்கும். திறந்த வாயைக் கொட்டாவி விடுவதுபோல மூடிக்கொள்வார். ஆரம்பத்தில் அதையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டுக்கு வந்து கொட்டினார். சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் நின்று, எந்த மந்திரிக்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று என் தையல் மிஷினைப் பார்த்துப் பேசுவார். மிஷின் எதிர்க்கட்சி, அலமாரி ஆளுங்கட்சி. எனக்கு அந்த நாட்கள் எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? குழம்பு தீய்ந்தால்கூட அசையாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வந்ததும் செருப்பைக் கழற்றுவார், உட்காருவார், "ம்" என்பார். கல்யாணங்களுக்குப் போவதிலும் தொல்லை. அந்தக் கட்சிக்காரர் வீட்டில் அரை மணி உட்கார்ந்தால் இந்தக் கட்சிக்காரர் வீட்டிலும் அரை மணி, அங்கே வாழ்த்தி இரண்டு வார்த்தை சொன்னால் இங்கேயும் இரண்டு. ஒரே நாளில் இரண்டு வீட்டுக் கல்யாணம் வந்து, நடுநிலைமைக்காக இரண்டு முறை வயிறு முட்டச் சாப்பிட்டு, மூன்று நாள் கஞ்சி குடித்தார்.

கூரை என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதற்குத்தான் வருகிறேன். உறுப்பினர் யாராவது கேள்வி கேட்க வேண்டும் என்றால் பேரவைத் தலைவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் யாருக்கு எழுதிக் கொடுப்பார்? புத்தகத்திடம் கேட்டிருக்கிறார். புத்தகம் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு நீங்களே எழுதிக் கொடுத்து நீங்களே அனுமதிக்க வழியில்லீங்க ஐயா" என்று சொல்லிவிட்டது. தன் அறையில் வைத்துப் பொதுப்பணி மந்திரியிடம் தனியாகக் கேட்டார். "பரிசீலனையில் இருக்குதுங்க" என்றார் மந்திரி. அந்தப் பரிசீலனை நான்கு மழைக்காலம் தாங்கியது. சந்தையில் வெங்காயக் கடை வைத்திருந்த அக்கா நம் வீட்டுக்கு வருவாள், சொட்டச் சொட்ட நனைந்து வருவாள். "எங்க ஆளு எல்லாருக்கும் மேல உட்கார்ந்திருக்காரு, மழை மட்டும் எங்க மேல" என்று வாசலில் நின்றே சொல்வாள். உள்ளே அழைத்தாலும் வரமாட்டாள், தரை நனையும் என்பாள். அவள் போன பிறகு உன் அத்தான் வெகுநேரம் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டிருப்பார், மழையில் நனையாத தலையை. முப்பது தொகுதியில் இருபத்தொன்பதுக்கு வாய் இருந்தது. நம் தொகுதிக்கு மட்டும் நாற்காலி இருந்தது.

இது எப்படியோ எதிர்க்கட்சித் தலைவர் காதுக்குப் போய், அவர் தன் கட்சி ஆள் ஒருவரை விட்டு நட்சத்திரக் கேள்வியாகக் கேட்கவைத்தார். நட்சத்திரம் போட்ட கேள்வி என்றால் மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், மேலே துணைக்கேள்வியும் கேட்கலாம்; நட்சத்திரம் இல்லாவிட்டால் காகிதத்தில் பதில் வரும், அதோடு சரி. அன்றைக்கு மாடம் நிறையச் சந்தைச் சனம். நான் வெங்காயக்கார அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொதுப்பணி மந்திரி எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சந்தையின் வடக்கு வரிசைக்கு மட்டும் கூரை அமைக்க அரசு உத்தேசித்துள்ளது" என்று வாசித்துவிட்டு உட்காரப் போனார்.

உன் அத்தான் வாய் திறந்தது. புத்தகம் சாய்வதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. "வடக்கு வரிசை... வடக்கு வரிசை ஒரு தரம். அதுக்கு மேல யாரு?"

மந்திரி பாதி உட்கார்ந்தபடியே நின்றார். உன் அத்தானுக்கே தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை என்பது அவர் முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்தது. சந்தையில் ஆயிரம் விடியலில் சொன்ன வார்த்தை, தானாக வந்துவிட்டது. எதிர்க்கட்சித் தலைவருக்கு இந்தமாதிரி சந்தர்ப்பம் என்றால் சர்க்கரை. எழுந்து, "பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் ஆட்சியாக இருந்திருந்தால் வடக்கும் தெற்கும் சேர்த்தே போட்டிருப்போம்" என்றார். "வடக்கும் தெற்கும், ரெண்டு வரிசை, ரெண்டு வரிசை" என்று குரல் மேலே ஏறியது. அந்தக் குரல், தம்பி. நாலு வருஷமாக நான் கேட்காத அந்தக் குரல். மேசையிலிருந்த மரச் சுத்தியலைக் கை எடுத்துவிட்டது. முதலமைச்சர் ஏதோ கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், எதிர்க்கட்சிக்காரர் பங்கு இரண்டு வரிசை என்பது மட்டும் காதில் விழுந்து, எதற்கு என்றுகூடக் கேட்காமல் எழுந்து, "நான்கு வரிசையும்" என்றார். "லாரி நிக்கிற இடமும் சேர்த்து" என்றார் எதிர்க்கட்சித் தலைவர். "லாரி இடமும், பெண்களுக்குக் கழிப்பறையும்" என்றார் முதலமைச்சர், முகமெல்லாம் சிவந்து. புத்தகம் உன் அத்தான் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது, அந்தத் தையல் விட்டுப்போனதை அப்புறம் நான்தான் போட்டேன். "நாலு வரிசை, லாரி இடம், கழிப்பறையோட... ஒரு தரம், ரெண்டு தரம்..." இடதுபக்கம் பார்த்தார். எதிர்க்கட்சித் தலைவருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. "மூணு தரம். முதலமைச்சர் பேருக்கு." சுத்தியல் விழுந்தது.

மாடத்தில் கைதட்டக் கூடாது என்பது சட்டம். அன்றைக்குக் காவலரே தட்டினார். உன் அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. சபையை ஒத்திவைப்பதாகச் சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து காலை எடுக்க மறந்து தடுக்கி, புத்தகத்தின் மேல் சாய்ந்து உள்ளே போனார். அறையில் புத்தகம், "எந்த விதியிலும் இதுக்கு இடமில்லீங்க ஐயா" என்றதாம். "கூடாதுன்னு எந்த விதியிலயாவது இருக்கா?" என்று இவர் கேட்டாராம். அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை தேடினார் என்று கேள்வி. அத்தனை பேர் கேட்கச் சொன்னதை முதலமைச்சரால் திருப்பி விழுங்க முடியவில்லை, நான்கு வரிசைக்கும் கூரை வந்தது, கழிப்பறையும் வந்தது. திறப்பு விழாவுக்கு உன் அத்தான் போகவில்லை. கட்சி மேடையாகிவிட்டது, தலைவர் போகக் கூடாது என்றார்கள். வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூரத்துப் பாட்டைக் கேட்டார். அடுத்த தேர்தலில் வைப்புத்தொகையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு தோற்றார். கூரை கொடுத்தது நான்தான் என்று முதலமைச்சர் ஓட்டு வாங்கினார், கேட்டு வாங்கித் தந்தது நான்தான் என்று எதிர்க்கட்சித் தலைவர் ஓட்டு வாங்கினார். வெங்காயக்கார அக்காவிடம் நான் போய்ச் சண்டை போட்டேன். அவள் பாவம், கண் கலங்கி, "கோவிச்சுக்காதம்மா. ஏலத்துல எடுத்தவங்க பேருதான் சரக்கு மேல நிக்குது, ஏலம் விட்டவர் பேரு எங்க நிக்குது?" என்றாள்.

அதற்குக்கூட நான் வருத்தப்படவில்லை. என் வருத்தம் வேறு. தோற்றுவிட்டாரே, போகட்டும், இனி சந்தைக்குப் போவார், பெட்டி மேல் ஏறுவார், விடிகாலையில் அந்தச் சத்தம் கேட்கும் என்று இருந்தேன். போனார். ஏலம் விடச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். இப்போது யாரோ ஒருவர் மைக்கில் விடுகிறார், தகரத்தைத் தேய்க்கிற மாதிரி இருக்கிறது. வீட்டில் நாள் முழுக்க நான்தான் பேசுகிறேன். மிஷினில் நூல் அறுகிறது, பக்கத்து வீட்டுக்காரி தண்ணீரை நம் பக்கம் தள்ளுகிறாள், சட்டை தைக்கக் கொடுத்தவன் அளவையே மாற்றிச் சொல்கிறான் என்று எல்லாவற்றையும் சொல்கிறேன். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" என்கிறார். ஒரு மறுபேச்சு இல்லை, ஒரு அதட்டல் இல்லை. சண்டை போட்டாலாவது அந்தக் குரல் வருமா என்று வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சாப்பிட்டு முடித்துவிட்டார். போனவர் வேறு, அந்த நாற்காலி திருப்பி அனுப்பியவர் வேறு. எனக்கு அழுகை வருகிறது தம்பி, எழுதும்போதே வருகிறது. நல்ல குரல் அது.

நீயும் சின்ன வயதிலிருந்து வாயாடி. கடையில் தலைவலி மாத்திரை வாங்க வருகிறவனுக்குத் தலைவலி போகும்வரைக்கும் பேசுகிற ஆள். உன் மனைவியை நினைத்துப் பார். கீழே உட்கார், கத்து, மேசையைத் தட்டு, வெளிநடப்புச் செய், நாலு கேள்வி கேள். உன் தொகுதிக்கு உன் வாய்தான் வேண்டும். திங்கட்கிழமை இரண்டு பேரும் கையைப் பிடிக்க வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள். இது அக்கா சொல், மீறாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. அவள் தம்பி படிப்பு நல்லபடி முடியட்டும். உன் கடை செழிக்கட்டும், நோயாளிகள் குறையட்டும், இரண்டும் சேர்ந்து எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனாலும் வாழ்த்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், தொண்டைக்குச் சூடாக ஏதாவது குடி.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும்
அக்கா

பின்குறிப்பு: மச்சான், அத்தான் எழுதுறேன். உங்க அக்கா உறையில போட்டு ஒட்டச் சொல்லிட்டுக் கடைக்கு நூல் வாங்கப் போயிருக்கா. மேலே மாண்புமிகு உறுப்பினர் பேசிய அனைத்தும் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது.

நாற்காலியை எடுத்துக்கோங்க. நான் வாழ்க்கை முழுக்கக் கத்தின ஆளு. யார் வாயைத் திறந்தாலும் எனக்கு அது விலையாத்தான் கேட்டுச்சு, அதுக்கு மேல எவ்வளவுன்னுதான் மனசு ஓடும். ஒருத்தர் பேசி முடிக்கிறவரைக்கும் வாயை மூடிட்டு உட்கார்ந்தது அந்த நாற்காலியிலதான். முதல் வருஷம் செத்துப் பொழைச்சேன். அப்புறம் ஒருநாள் சபை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, உங்க அக்கா ஏதோ பேசிட்டிருக்கா. கல்யாணம் ஆகி அத்தனை வருஷம் ஆச்சு, அவ எவ்வளவு நல்லாப் பேசுவான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. நடுவுல நான் வாயைத் திறந்தா அவ நிறுத்திடுவாளோன்னு பயம். அதான் "ம்"மோட நிறுத்திக்கறேன். ஏலத்துக்குப் போகாததும் அதுக்குத்தான், விடியக்காலையில டீ போட்டுக்கிட்டே அவ பேசுறதை விட்டுட்டு எங்க போறது? உப்பு போட்டதும் தெரியும். இதை அவகிட்ட சொல்லிடாதீங்க.

இன்னொன்று, அக்கா எழுதுவது: நூல் வாங்கப் பையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன், உறை இன்னும் ஒட்டவில்லை, படித்துவிட்டேன். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து, நான் ஏன் இன்னும் எதுவும் பேசவில்லை என்று எட்டி எட்டிப் பார்க்கிறார். எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ போய் உட்கார், தம்பி.